இறுக்கம் எங்கே, நெகிழ்வு எங்கே

ஓட்டக்காரர்கள் அணியும் டைட்ஸில் முழங்காலுக்குத் துணை தருவதாகச் சொல்லி விற்கப்படுபவை பெரும்பாலும் இரண்டு வகை. இடுப்பிலிருந்து கணுக்கால்வரை ஏறக்குறைய ஒரே துணியால் காலை அழுத்திப் பிடிப்பது ஒன்று. மெல்லிய துணியின் மீது, குறித்த தடங்களில் மட்டும் விறைப்பான பட்டைகள் ஓடுவது இன்னொன்று. முதல் வகையைப் பல நிறுவனங்கள் செய்கின்றன. இரண்டாவதற்கு நல்ல எடுத்துக்காட்டு ஜப்பானின் வாக்கோல் 1991இல் கொண்டுவந்த சிடபிள்யூ-எக்ஸ். அதிலும் முழங்காலை முன்வைத்து வந்த ஸ்டெபிலிக்ஸ். இரண்டிலும் நெகிழ்வைத் தருவது ஒரே இழைதான்: 1958இல் அமெரிக்காவின் டூபாண்ட் ஆய்வகத்தில் ஜோசப் ஷிவர்ஸ் உருவாக்கி, லைக்ரா என்று பெயர் பெற்றது. இழை ஒன்றாக இருந்தும், முழங்காலைப் பற்றிய எண்ணம் இரண்டிலும் வேறு.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஓடும்போது முழங்கால் மூட்டில் இறங்கும் விசை உடல் எடையைப் போலப் பல மடங்கு. எந்தத் துணியாலும் அதைத் தாங்க முடியாது. டைட்ஸால் முடிவது வேறு இரண்டு காரியங்கள்: தசையின் அதிர்வைக் குறைப்பது, மூட்டு எந்த நிலையில் இருக்கிறது என்ற உணர்வைத் தோல் வழியாகக் கூர்மையாக்குவது. இந்த இரண்டில் எதைக் குறிவைக்கிறது என்பதை வைத்தே ஓர் ஆடையை எடைபோட வேண்டும்.

அதிர்வைக் குறைப்பதில் சீரான அழுத்த டைட்ஸ் நன்றாகவே வேலை செய்கிறது. தொடையும் கெண்டைக்காலும் ஏறக்குறைய உருளை வடிவம். சுற்றிவரப் பிடிக்கும் துணி அங்கே பாங்காகப் பொருந்தும். ஆனால் அதனால் கிடைக்கும் பலனை மிகைப்படுத்தக் கூடாது. நைக் நிறுவனத்தின் நிதியுதவியுடன் ஓஹையோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் நடந்து 2017இல் வெளியான ஆய்வில், டைட்ஸ் அணிந்தவர்களின் தசை அதிர்வு குறைந்தது, சோர்வு குறையவில்லை. பணம் கொடுத்த நிறுவனத்துக்குச் சாதகமில்லாத முடிவும் வெளியே வந்தது என்பதாலேயே அந்த ஆய்வின் மீது எனக்கு மதிப்பு அதிகம்.

முழங்காலுக்கு வந்தால் இந்த வகை தடுமாறுகிறது. துணி தரும் அழுத்தம், அதன் இழுவிசையை வளைவின் ஆரத்தால் வகுத்த அளவு. லாப்லாஸ் விதி சொல்வது இது. வளைவு எவ்வளவு கூர்மையோ அழுத்தம் அவ்வளவு அதிகம். காலை மடக்கும்போது முழங்காலின் முன்புறத் தோல் நீளவாக்கில் ஏறக்குறைய 40 சதவீதம் விரிகிறது. துணியும் அதே அளவு இழுபட்டு, எலும்பு கூர்மையாகத் துருத்தி நிற்கும் சில்லின் மேல் போய் அழுந்துகிறது. பின்பக்கக் குழியிலோ அதே துணி மடிந்து, சுருங்கி, வியர்வையோடு தோலை உராய்கிறது. ஆக, அழுத்தம் வேண்டாத இடத்தில்தான் அது உச்சம் தொடுகிறது. சில்லைச் சுற்றி வலி உள்ள ஓட்டக்காரருக்கு, சில்லைத் தொடை எலும்போடு சேர்த்து நெரிக்கும் எதுவும் ஆகாது. ‘முழங்காலுக்கு நல்லது’ என்ற வாசகத்தை இந்த வகை உறைகளில் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. தொடைக்கு நல்லது என்று எழுதினாலே போதும், அது உண்மை.

வாக்கோல் வேறு திசையிலிருந்து வந்தது. கியோத்தோவில் பெண்களின் உள்ளாடை செய்து வளர்ந்த நிறுவனம் அது. 1964இலேயே உடலளவுகளை ஆராயத் தனி மையம் அமைத்தது. எங்கே தாங்க வேண்டும், எங்கே விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதுதான் உள்ளாடைத் தொழிலின் அன்றாடக் கேள்வி. அதனுடன் விளையாட்டு மருத்துவத்தில் மூட்டைச் சுற்றி டேப் ஒட்டும் முறையைச் சேர்த்தார்கள். ஸ்டெபிலிக்ஸில் பட்டைகள் சில்லின் மேல் ஏறுவதில்லை. அதைச் சுற்றிக்கொண்டு போகின்றன. சில்லு இருக்கும் இடம் மெல்லிய துணிக்கு விடப்படுகிறது. கால் மடங்கும்போது பட்டை இழுபடுவதைத் தோல் உணர்கிறது. முழங்கால் உள்பக்கம் சாய்ந்தால் அந்த இழுப்பு மாறுவதும் தெரிகிறது.

இந்த அணுகுமுறைக்கு ஓர் அடித்தளம் விண்வெளி உடைகளின் ஆராய்ச்சியிலும் கிடைக்கிறது. உடல் எப்படி அசைந்தாலும் நீளம் ஏறக்குறைய மாறாத கோடுகள் தோலில் உண்டு என்று அமெரிக்க விஞ்ஞானி ஆர்தர் ஐபரால் கண்டார். அவற்றின் வழியே விறைப்பான இழைகளை ஓடவிட்டால் அசைவு தடைபடாது என்று 1964இல் எழுதினார். எம்.ஐ.டி.யில் டேவா நியூமன் குழு வடிவமைத்த பயோசூட் அந்தக் கோடுகளையே பின்பற்றியது. பட்டை டைட்ஸின் தரத்தை அளக்க இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியவில்லை. தோல் விரியாத தடத்தில் பட்டை ஓடினால் அணிந்திருப்பதே மறந்துபோகும். விரியும் தடத்தில் ஓடினால் ஒவ்வோர் அடியிலும் துணியோடு மல்லுக்கட்ட வேண்டும்.

பட்டை வகையின் பெரிய பலவீனமும் இதிலிருந்தே பிறக்கிறது. சீரான டைட்ஸ் இரண்டு விரல் மேலே ஏறினாலும் கீழே இறங்கினாலும் பெரிதாக ஒன்றும் ஆகாது. பட்டை டைட்ஸில் அந்த இரண்டு விரல்தான் எல்லாம். தொடை சற்று நீளமானவருக்குச் சுற்றுப்பட்டையின் கீழ்வளைவு சில்லின் மேலேயே ஏறி உட்கார்ந்துவிடும்; எந்தத் தீமையைத் தவிர்க்க அந்த வடிவம் பிறந்ததோ, அதுவே நேரும். நின்றபடி கண்ணாடியில் பார்த்து வாங்கினால் இது தெரியாது. குந்தி எழுந்து, படியேறி, பட்டை எங்கே நிற்கிறது என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும். வெயிலும் புழுக்கமும் உள்ள ஊர்களில் பட்டைகளின் கூடுதல் கனமும் ஒரு சுமை.

இருந்தும், மலைப்பாதையில் இறங்கி ஓடுபவருக்கும் களைத்தபின் முழங்கால் உள்பக்கம் சாயும் பழக்கம் உள்ளவருக்கும் பட்டை வகையையே சொல்வேன். சமதரையில் ஓடி, தொடைதான் கனக்கிறது என்பவருக்குச் சீரான டைட்ஸ் போதும். ஒரு அளவு தளர்வாகவே வாங்கலாம்.

வடிவமைப்பாளர்களிடம் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. மார்புக்கச்சையை உடற்சுற்று ஒன்று, கிண்ணம் ஒன்று என இரண்டு அளவில் விற்கிறார்கள். முழங்கால் டைட்ஸ் மட்டும் பெரும்பாலும் எஸ், எம், எல் என்ற ஒற்றை எழுத்தோடு நின்றுவிடுகிறது. சுற்றளவு ஒன்று, இடுப்பிலிருந்து சில்லுவரையான நீளம் ஒன்று என இரண்டு எண்களை உறையில் அச்சிட்டால், பட்டை தன் இடத்தில் போய் உட்காரும். கச்சை தைக்கும் நிறுவனத்துக்குக் கைவந்த கலைதான் அது.