ஓரத்தில் நின்ற ஓவியம்

பத்து வயதுச் சிறுமி ஒருத்தி. தாயுமில்லை, தந்தையுமில்லை. மாமியின் வீட்டிலே, வேண்டாத விருந்தாளியாக வாழ்கிறாள். சன்னல் திரைக்குப் பின்னே ஒளிந்துகொண்டு, பறவைகளைப் பற்றிய நூலொன்றை மடியில் விரித்துப் படம் பார்க்கிறாள். கண்டுவிட்டான் அவ்வீட்டுச் செல்வமகன்! பதினான்கு வயதுதான், ஆனால் பிச்சையெடுக்க வேண்டியவள் எங்கள் நூலைத் தொடுவதா என்று கேட்கும் அளவுக்குச் சீமான்தனம் முற்றியிருக்கிறது. நூலை வாங்கி அவள்மீதே வீசுகிறான். விழுகிறாள், தலை கதவில் மோதிக் குருதி வழிகிறது. தண்டனை யாருக்கு? வீசியவனுக்கா? இல்லை, அடிபட்டவளுக்கு! தனியறையில் பூட்டுகிறார்கள்.

1847ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வெளிவந்த ‘ஜேன் அயர்’ என்னும் புதினத்தின் தொடக்கம் இது. எழுதியவர் சார்லட் பிராண்டி. பெண் எழுதிய நூல் என்றால் தராசு கோணும் என்பதை அறிந்த அந்த அம்மையார், ‘கரர் பெல்’ என்ற புனைபெயரில் அதனை வெளியிட்டார்.

கதை சொல்ல வந்தவனல்லன் நான். ஒரு சொல்லின் வரலாற்றைச் சொல்ல வந்தேன். அந்தச் சிறுமி கண்கொட்டாமல் பார்த்த சிறு படங்களுக்கு ஆசிரியை இட்ட பெயர் ‘வின்யெட்’. சென்ற திங்களில் என் வகுப்பு மாணவன் ஒருவன் எழுந்து, “ஐயா, அகராதியில் இந்தச் சொல்லுக்கு அழகுவேலை, சிறுபடம், சுருக்கமான எழுத்து என்று மூன்று பொருள் போட்டிருக்கிறதே, எதை எடுத்துக்கொள்வது?” என்று கேட்டான். ‘சொல்லோவியம்’ என்று விடை கூறி அமர்த்திவிட்டேன். அமர்ந்தவன் அவன், அமைதியிழந்தவன் நான். கேள்வி வீடு வரை தொடர்ந்து வந்தது.

சொல்லின் பிறப்பிடம் பிரான்சு. ‘வின்ய்’ என்றால் திராட்சைக்கொடி; ‘வின்யெட்’ என்றால் சின்னஞ்சிறு கொடி. கையால் ஏடெழுதிய காலத்தில், பக்கத்தின் ஓரங்களிலே கொடியும் இலையும் சுருளும் வரைந்து அழகு செய்வார்கள். தோலைப் பதப்படுத்திச் செய்த தாள், பொன்பூச்சு, மாதக்கணக்கில் உழைப்பு. அத்தனையும் கோமகன் மடியிலும் மடத்தலைவர் மேசையிலும் கிடப்பதற்கு! கொடி படர்ந்தது உண்மை, கொழுகொம்பு செல்வம். அச்சு வந்தபின், முகப்பிலும் அதிகாரத்தின் தலைப்பிலும் முடிவிலும் இடும் சிறு அணிவேலைக்கும் அப்பெயரே ஆயிற்று. அப்போதும் அது வெறும் அணிதான்.

அணியை ஆளாக மாற்றியவருள் தலையாயவர் தாமஸ் பியூவிக். 1753இல், வட இங்கிலாந்தின் செர்ரிபர்ன் என்னும் சிற்றூர்ப் பண்ணையிலே பிறந்தவர். பள்ளிப் புத்தகத்தின் ஓரவெளியிலெல்லாம் படம் வரைந்து தள்ளுவார். அது போதாதென்று கல்லறைக் கற்களிலும் கோயில் முகப்புத் தரையிலும் சுண்ணக்கட்டியால் வரைவார். (ஓரத்தில் கிறுக்கும் மாணவர்களை நானும் அதட்டியவன்தான்; படித்தபோது சற்றே கூசினேன்.) 1767இல் நியூகாசில் நகரத்துச் செதுக்குவேலைக்காரர் ஒருவரிடம் தொழில் பழகச் சேர்ந்தார்.

அந்நாளில் உயர்ந்த படம் என்றால் செப்புத்தகட்டில் செதுக்கியதுதான். அதனை எழுத்துகளோடு சேர்த்து அச்சிட இயலாது. தனியே அழுத்தி எடுக்கவேண்டும். செலவு மிகுதி. பியூவிக், வைரம் பாய்ந்த பாக்ஸ் மரத்தைக் குறுக்கே அறுத்து, அந்த வெட்டுமுகத்தில் செப்புவேலைக்குரிய உளியால் செதுக்கினார். மரக்கட்டை எழுத்தச்சின் உயரத்திலேயே நின்றது. எழுத்தும் படமும் ஒரே அழுத்தில், ஒரே தாளில்! விளிம்புகளைச் சிறிது தாழ்த்திவிட்டால் அங்கே மை மெலிதாக விழும். படம் சட்டமின்றித் தாளோடு கரைந்து நிற்கும்.

1790இல் விலங்குகளைப் பற்றியும், 1797, 1804 ஆகிய ஆண்டுகளில் இரு பகுதிகளாகப் பறவைகளைப் பற்றியும் நூல்கள் வெளிவந்தன. ஒரு பறவையின் விளக்கம் முடிந்து பக்கத்தின் அடியில் இடம் எஞ்சுமல்லவா? முன்னையோர் அங்கே கொடியும் பூவும் இட்டிருப்பர். பியூவிக் என்ன இட்டார்? மரக்கால் ஊன்றிய பழைய படைவீரன். மழையில் நனையும் வழிப்போக்கன். கண்ணிழந்த பிடில்காரன். வயல்வெளிக்கு அப்பால், தொலைவிலே ஒரு தூக்குமரம். மன்னனுக்காகக் காலை இழந்தவனுக்கு மன்னன் நாட்டில் கிடைத்த இடம் எது? பக்கத்தின் அடி! ஆனால் அந்த இடத்தில் அவனை நிறுத்தியவர், ஒரு வரி விளக்கமும் எழுதவில்லை. பார்ப்பவர் உய்த்துணரட்டும் என்று விட்டுவிட்டார். அத்தகைய நூலைத்தான் அநாதைச் சிறுமியின் கையில் கொடுத்தார் பிராண்டி அம்மையார். அந்தச் சிறுமியும் அவ்வீட்டின் ஓரத்தில் நிற்பவள்தானே?

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் புகைப்படக்காரர்கள் இச்சொல்லை எடுத்துக்கொண்டார்கள். முகம் தெளிவாகவும் விளிம்பு மங்கியும் தோன்றும் படத்துக்கு அப்பெயர் வந்தது. அந்நூற்றாண்டின் இறுதிப்பகுதியில்தான் எழுத்துலகில் நுழைந்து, சில பத்திகளில் ஒரு காட்சியையோ ஒரு மனிதரையோ காட்டும் எழுத்துக்குப் பெயராயிற்று. விளிம்பு மங்கிய படத்தைப்போல, முன்கதையும் பின்கதையும் சொல்லாமல் கரைந்துவிடும் எழுத்து.

இதற்கு ஒத்த சொல்லாக ‘ஸ்கெட்ச்’ என்பதை ஆள்வர். அதன் வேர் கிரேக்கத்தில். திடுமென, ஆயத்தமின்றிச் செய்தது என்பது பொருள். டிக்கன்ஸ் 1836இல் லண்டன் தெருக்களையும் அடகுக்கடைகளையும் சிறைச்சாலையையும் அப்பெயரிலேயே தீட்டினார். ‘ஸ்கெட்ச்’ விரியலாம், வாதாடலாம், நகைக்கலாம். ‘வின்யெட்’ அப்படியன்று, காட்டிவிட்டு வாய்மூடி நிற்கும். துணுக்குக் கதைக்கு முடிவில் ஒரு திருப்பம் வேண்டும். இதற்கு முடிவே வேண்டா. ‘போர்ட்ரெய்ட்’ என்பதோ, ஒருவர் முழுவுருவம் காட்ட இசைந்து அமரும் உருவப்படம். பியூவிக்கின் படைவீரனுக்கு அப்படி அமர ஏது நேரம், எங்கே நாற்காலி?

தமிழுக்கு வருவோம். அன்றாட மாந்தரை எழுத்தில் தீட்டிய வ.ரா.வின் கட்டுரைகளால் ‘நடைச்சித்திரம்’ என்னும் நல்ல சொல் நிலைபெற்றது. அது ‘ஸ்கெட்ச்’ என்பதற்குப் பொருந்தும். நான் வகுப்பில் கூறிய ‘சொல்லோவியம்’ அரண்மனைக்கும் பொருந்தும், குடிசைக்கும் பொருந்தும். மேடையில் அடுக்குமொழிக்கும் பொருந்தும்! அதுவே அதன் குறை. வேரைப் பார்த்துக் ‘கொடிச்சித்திரம்’ எனலாமா? பிறந்த இடத்தைக் காட்டும். வளர்ந்த வழியை மறைக்கும். ஆகவே ‘ஓரச்சித்திரம்’ என்று சொல்லிப் பார்க்கிறேன். இதனினும் ஏற்ற சொல்லைத் தோழர்கள் தந்தால் என் சொல்லை மகிழ்ந்து கைவிடுவேன்.

மறுவாரம் வகுப்பில் விடையைத் திருத்திச் சொல்லி, ஆளுக்கோர் ஓரச்சித்திரம் எழுதிவரப் பணித்தேன். மாணவி ஒருத்தி, பள்ளி விட்டபின் வகுப்பறை பெருக்கும் அம்மையார் கரும்பலகையின் முன் துடைப்பத்தோடு நின்று, அதில் அழியாமல் இருந்த கணக்கை விரலால் தொட்டுப் பார்ப்பதை ஆறு வரிகளில் எழுதியிருந்தாள். ‘பிறகு என்ன ஆயிற்று?’ என்று சிவப்பு மையால் எழுதப் பேனாவை எடுத்தேன், மூடி வைத்துவிட்டேன்.