மேடையிலிருந்து திரைக்குப் பின்னே: தஞ்சைத் தரணியில் நாடகம் நடத்தியவர்கள்

தமிழ் நாடக வரலாறு பெரும்பாலும் நாடகம் எழுதியவர்கள், பாடியவர்கள், வேடம் கட்டியவர்கள் ஆகியோரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. நாடகம் குறித்த நேரத்தில் தொடங்கவும், நடிகர் உரிய கணத்தில் மேடைக்குள் நுழையவும், தர்பார்த் திரை ஏறிக் காட்டுத் திரை இறங்கவும், விளக்குகள் விடியும்வரை அணையாமல் எரியவும் பொறுப்பேற்றிருந்த மனிதரைப் பற்றி அவ்வரலாறு மிகக் குறைவாகவே பேசுகிறது. இன்று மேடை நிர்வாகம் என்று வழங்கும் இப்பொறுப்பு, காவிரிப் படுகையில் பல நூற்றாண்டுகளாக வெவ்வேறு பெயர்களில் நிலைபெற்றிருந்தது. தொடக்கத்தில் அதை ஏற்றவர் அவையோரின் கண்முன்னே மேடையிலேயே நின்றார். 19ஆம் நூற்றாண்டில் மேடையின் அமைப்பு மாறியபோது திரைக்குப் பின்னே சென்றார். அதனோடு பதிவுகளிலிருந்தும் பெரும்பாலும் மறைந்துபோனார்.

அவர் மறையாதிருந்த காலத்துக்குத் தஞ்சைப் பெரிய கோயிலிலேயே கல்லில் சான்று உண்டு. 11ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஆண்ட இரண்டாம் இராசேந்திர சோழனின் ஆறாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று, வைகாசித் திருவிழாவில் இராசராசேசுவர நாடகம் ஆடுவதற்காகச் சாந்திக்கூத்தன் திருவாலன் திருமுதுகுன்றனான விசயராசேந்திர ஆசாரியன் என்பவருக்கு நிவந்தம், அதாவது நிலையான மானியம், வகுத்துக் கொடுக்கிறது. சாந்திக்கூத்து என்பது பழந்தமிழ்க் கூத்து வகைகளுள் ஒன்று. சிலப்பதிகார உரையாசிரியர் அடியார்க்குநல்லார் அதைச் சொக்கம், மெய், அவிநயம், நாடகம் என நான்காகப் பகுக்கிறார். நாள்தோறும் ஒரு தூணி நெல் என்ற கணக்கில் ஆண்டுக்கு 120 கலம் நெல் அவருக்கு அளக்கப்பட்டது. தூணி என்பது நான்கு மரக்கால், கலம் என்பது பன்னிரண்டு மரக்கால் ஆதலால், 360 நாள் கொண்ட ஆண்டுக்கு இக்கணக்கு மிகச் சரியாகவே பொருந்துகிறது. நாடகம் நடப்பதோ திருவிழாவின்போது மட்டும். நெல்லோ ஆண்டு முழுவதும் அளக்கப்படுகிறது. பயிற்சி, பாடம், அணிகலன், ஆட்களைச் சேர்த்தல் ஆகியவற்றுக்கு ஆண்டு முழுவதும் உழைப்பு வேண்டும் என்பதைச் சோழ அரசின் கணக்கர்கள் அறிந்திருந்தார்கள் என்றே இதைக் கொள்ள வேண்டும். இம்மானியம் அவருடைய வர்க்கத்தாருக்கும் தொடரும்படி வகுக்கப்பட்டிருப்பதும், ஆசாரியன் என்னும் பட்டமும், அவர் வேடம் கட்டும் ஒருவராக மட்டுமன்றி ஒரு குழுவுக்குத் தலைவராகவும் இருந்தார் என்று எண்ண இடமளிக்கின்றன.

வடமொழி நாட்டிய சாத்திர மரபு இத்தகைய தலைவரைச் சூத்திரதாரர் என்று குறிக்கும். மேடையில் முதலில் தோன்றி, இறைவணக்கம் செய்து, ஆடப்போகும் கதையை அறிவித்து, நடிகர்களை அழைப்பவர் அவர். தமிழ்க் கூத்தில் இப்பணியின் பெரும்பகுதியைக் கட்டியக்காரன் ஏற்றான். அரசரின் வருகையைக் கட்டியம் கூறி அறிவிப்பதால் வந்த பெயர் அது. ஆனால் அவன் செய்தவை அறிவிப்போடு முடிவதில்லை. ஒப்பனை முடியாத நடிகருக்காக நேரத்தை ஓட்டுவது, கதையில் விட்டுப்போன இடத்தை இரண்டு வார்த்தையில் இட்டு நிரப்புவது, கூச்சலிடும் அவையை வேடிக்கை பேசி அடக்குவது எல்லாம் அவன் தலையிலேயே விழுந்தன.

மராத்தியர் ஆட்சிக் காலத்தில் (1676–1855) தஞ்சைப் பகுதியில் தழைத்த பாகவத மேளம் இப்பழைய முறையை இன்றளவும் காத்து வருகிறது. தெலுங்கு மொழியில் அமைந்த இந்நாட்டிய நாடகம் மெலட்டூர், சாலியமங்கலம் போன்ற ஊர்களில் நரசிம்ம செயந்தியை ஒட்டி இரவு முழுவதும் நடைபெறும். கோணங்கி என்னும் விகடப் பாத்திரம் முதலில் வந்து ஆடி, அவையை ஒழுங்குபடுத்திய பிறகே கதை தொடங்கும். முக்கியப் பாத்திரங்கள் இருவர் பிடித்து நிற்கும் திரைச்சீலைக்குப் பின்னிருந்து அறிமுகமாகும். மெலட்டூர் வேங்கடராம சாத்திரியார் இயற்றிய பிரகலாத சரித்திரத்தில் மேடைப் பொறுப்பின் கடுமை நன்கு விளங்கும். நரசிம்மர் வேடத்துக்கு உரிய முகம் ஆண்டு முழுவதும் வழிபாட்டில் இருப்பது. அதை அணிபவர் நோன்பிருந்து அணிகிறார். இரணியனை எதிர்கொள்ளும் கட்டத்தில் அவருக்கு ஆவேசம் வரக்கூடும் என்பதால் அவரைப் பிடித்து நிறுத்துவதற்கென்றே ஆட்கள் அருகில் நிற்கிறார்கள். எந்தக் கணத்தில் விடுவது, எப்போது இழுத்துப் பிடிப்பது என்பதை அறிந்தவர்களே அப்பணிக்கு வருகிறார்கள். நடிகரின் உயிருக்கும் எதிரே நிற்பவரின் உடலுக்கும் பாதுகாப்பளிக்கும் இவ்வேலையை மேடை நிர்வாகத்தின் மிகப் பழைய வடிவங்களுள் ஒன்றாகக் கருதலாம்.

நாடகம் எப்போது நடக்க வேண்டும் என்பதைப் படுகை நாட்டில் நெல்லே முடிவு செய்தது. ஆற்றில் தண்ணீர் வந்து குறுவையும் சம்பாவும் தாளடியும் வயலில் நிற்கும் மாதங்களில் ஊரின் ஆட்கள் அனைவருக்கும் வயலில் வேலை இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் திறந்தவெளி மேடை நினைத்துப் பார்க்க முடியாதது. தை அறுவடை முடிந்து களத்தில் நெல் குவிந்த பிறகுதான் கையில் பொருளும் இரவில் ஓய்வும் கிடைத்தன. ஆகவே மாசி தொடங்கி ஆடி வரையிலான கோயில் திருவிழாக்களே நாடகப் பருவமாயின. ஊர்ப் பெரியவர்கள் குடும்பத்துக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி போட்டு, வெற்றிலை பாக்கில் முன்பணம் வைத்து நாடகத்தை நிச்சயம் செய்தார்கள். 1934ஆம் ஆண்டு மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்ட பின்னர், நாடகத்துக்கு நாள் குறிப்பவர்களுக்குத் தண்ணீர் திறக்கும் நாள் ஓரளவு முன்கூட்டியே தெரியலாயிற்று.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பம்பாய்ப் பார்சி நாடகக் குழுக்கள் தென்னாட்டில் சுற்றிவந்தபோது, எழுதிய காட்சித் திரைகளும், உருளையில் ஏறி இறங்கும் முன்திரையும், மூன்று பக்கம் அடைத்த மேடையும் இங்கும் பரவின. தஞ்சாவூர் கோவிந்தசாமி ராவின் மனமோகன நாடகக் கம்பெனி இப்புதுமுறையைத் தமிழ் நாடகத்துக்குள் கொண்டு வந்த முன்னோடிகளுள் ஒன்று. கும்பகோணத்தில் பாலாமணி அம்மாள் பெண்களை மட்டுமே கொண்டு நடத்திய கம்பெனி பெரும் புகழ் பெற்றது. அவருடைய நாடகத்துக்காகச் சிறப்பு ரயில்கள் ஓடின என்று நாடக வரலாற்று நூல்கள் குறிப்பிடுகின்றன. இம்மாற்றத்தின் நடுவே சூத்திரதாரரின் பணி, மேடையில் தோன்றுவதும் மறைவில் நின்று நடத்துவதுமாக இரண்டாகப் பிளந்தது. சங்கரதாச சுவாமிகளின் (1867–1922) வாழ்விலேயே இப்பிளவைக் காணலாம். இளமையில் அவர் சூத்திரதாரராக மேடையில் நின்றவர். பின்னாளில் அவரே மேடைக்கு வராமல் பாடம் எழுதி, பயிற்சி கொடுத்து, பக்கத் தட்டியின் மறைவிலிருந்து நாடகத்தை நடத்தும் வாத்தியார் ஆனார்.

வளர்ந்த நடிகர்கள் எழுதிய பாடத்தை மீறி மேடையிலேயே ஒருவரையொருவர் பாட்டிலும் தர்க்கத்திலும் மடக்கப் போட்டியிட்டு, கதையைக் குலைத்ததைக் கண்டு சலித்த சுவாமிகள், சிறுவர்களைக் கொண்டே நாடகம் நடத்துவது என்னும் முறைக்கு வந்தார். 1918இல் மதுரையில் அவர் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையும், அதையொட்டி எழுந்த பிற பாய்ஸ் கம்பெனிகளும் மேடை ஒழுக்கத்தை ஒரு கல்வியாகவே ஆக்கின. சிறுவர்கள் மீது விழுந்த பிரம்படியையும், பெற்றோரைப் பிரிந்து வாழ்ந்த அவர்களின் ஏக்கத்தையும் மறைத்து இம்முறையைப் புகழ்வது நேர்மையாகாது. அதே வேளையில், தமிழ் நாடகத்தில் ஒத்திகை, நேரக் கட்டுப்பாடு, சொன்ன சொல்லைச் சொன்னபடி பேசுதல் ஆகியவை வேரூன்றியதும் இங்கேதான்.

கம்பெனி வீடு என்று வழங்கிய வாடகை வீட்டில் அன்றாடம் விடிகாலையிலேயே ஆர்மோனியச் சுருதியோடு குரல் பயிற்சி தொடங்கும். பிறகு வாத்தியார் பாடம் கேட்பார். ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன் என்று வேடப் பிரிவுகளின்படி பையன்கள் ஒப்பிப்பார்கள். இவ்வேளையில் மேனேஜர் வெளிவேலைகளைக் கவனிப்பார்: கொட்டகைக்காரரோடு வாடகை பேசுவது, மாட்டு வண்டியில் வாத்தியம் முழங்க நோட்டீசு விநியோகிக்க ஆள் அனுப்புவது, தரை, பெஞ்சு, நாற்காலி என்ற டிக்கெட்டு வரிசைப்படி முந்திய இரவின் வசூலைச் சரிபார்ப்பது, வசூல் விழுந்தால் எந்த நாடகத்தை மாற்றிப் போடுவது என்று வாத்தியாரோடு கலந்து பேசுவது ஆகியவை அவர் பொறுப்பு. மாலையில் முத்துவெள்ளையும் அரிதாரமும் குழைக்கப்படும். சிறிய பையன்களுக்குப் பெரியவர்கள் முகம் எழுதி முடிக்கவே நெடுநேரம் ஆகும்.

நாடகம் தொடங்கியபின் ஆட்சி திரைக்குப் பின்னிருப்பவர் கைக்கு மாறுகிறது. முதல் மணி அடித்ததும் வேடக்காரர்கள் வரிசையில் நிற்க வேண்டும். அடுத்த மணிக்கு ஆர்மோனியமும் மிருதங்கமும் எழும். அதற்கடுத்த மணிக்கு முன்திரை ஏறும். பக்கத் தட்டிகளின் இடைவெளியில் நோட்டும் கையுமாக நிற்கும் பிராம்டர், நடிகர் தடுமாறும் இடத்தில் அவையோர் காதில் விழாமல் அடுத்த சொல்லை எடுத்துக் கொடுப்பார். அந்நோட்டு பெரும்பாலும் கம்பெனியின் ஒரே முழுப் பிரதி. போட்டிக் கம்பெனிக்குப் போய்விடக் கூடாது என்று அது பெட்டியில் வைத்துப் பூட்டப்படுவதும் உண்டு. மேடையின் முழு ஆழத்தையும் கொள்ளும் காட்சியும் அதன் முன்பகுதியை மட்டும் கொள்ளும் காட்சியும் மாறி மாறி வருமாறு நாடகம் அமைக்கப்பட்டிருந்ததற்குக் காட்சிகளை மாற்றியமைக்கும் சீன்காரர்களின் வேலையே காரணம்: முன்னே தெருத் திரை விழுந்து பபூன் பாடிக்கொண்டிருக்கும் நேரத்தில், அதன் பின்னே சிம்மாசனத்தை நகர்த்தி அடுத்த தர்பாரை அமைத்து முடிக்க வேண்டும். தமிழ் நாடகங்களில் கதையோடு ஒட்டாத நகைச்சுவைக் காட்சிகள் மிகுந்திருப்பதைக் குறையாகச் சொல்லும் திறனாய்வாளர்கள் இத்தேவையைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

விளக்கு தனிக் கவலையாக இருந்தது. தீவட்டிக்குப் பின் வந்த கியாசு விளக்கும் பெட்ரோமாக்சும் மேடைக்கு வெளிச்சத்தைக் கூட்டின. ஆனால் பெட்ரோமாக்சுக்கு அவ்வப்போது காற்றடிக்க வேண்டும், மேண்டில் என்னும் வலைத்திரி உதிர்ந்தால் உடனே மாற்ற வேண்டும். வயல் பூச்சிகள் விளக்கைச் சூழ்ந்துகொள்வதும், பாட்டுக்காக வாய்திறந்த நடிகரின் முகத்தில் மோதுவதும் படுகை ஊர்களுக்கே உரிய தொல்லைகள்.

நவாப் இராசமாணிக்கம் (1906–1974) நடத்திய மதுரை தேவி பால விநோத சங்கீத சபையில் இக்கலை அதன் உச்சத்தைத் தொட்டது. தசாவதாரம் போன்ற நாடகங்களில் அவர் காட்டிய தந்திரக் காட்சிகள், திரைக்குப் பின்னே நின்றவர்களின் இம்மிபிசகாத ஒத்திசைவு இல்லாமல் நடந்திருக்க முடியாதவை. கும்பகோணத்தை அடுத்த மலையப்பநல்லூரில் பிறந்த காளி என். ரத்தினம், மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் வாத்தியாராக இருந்து எம்.ஜி.ஆர். உள்ளிட்ட சிறுவர்களைப் பயிற்றுவித்தார். இவர்கள் பெயர்களை இன்று நாம் அறிவதற்கு, அவர்கள் கம்பெனி முதலாளியாகவோ திரைப்பட நடிகராகவோ இருந்ததே காரணம். கயிறு பிடித்தவர்கள், மணி அடித்தவர்கள், நோட்டு ஏந்தியவர்கள் ஆகியோரின் பெயர்கள் நோட்டீசுகளில் இடம்பெறவில்லை. நாடகக் கலைஞர்களின் தன்வரலாறுகளில் ஆங்காங்கே ஓரிரு வரிகளில் மட்டுமே அவர்கள் தலைகாட்டுகிறார்கள். இது தமிழ் நாடக வரலாற்றுக்கு நேர்ந்த ஈடுசெய்ய முடியாத இழப்பு.

1940களுக்குப் பின் திராவிட இயக்க நாடகங்கள் தஞ்சை மாவட்டத்து ஊர்களில் பெருகியபோது மேடைப் பொறுப்பில் ஒரு புதுச் சுமை ஏறியது. 1876ஆம் ஆண்டின் நாடக நிகழ்ச்சிகள் சட்டமும், அதன் இடத்தில் சென்னை மாநிலம் 1954இல் இயற்றிய சட்டமும், நாடகத்தைத் தடைசெய்யும் அதிகாரத்தை அரசுக்கு அளித்தன. பிரதியைக் காவல்துறையிடம் காட்டி இசைவு பெறுவது நடைமுறையாயிற்று. திருவாரூர் கே. தங்கராசு எழுதிய ரத்தக்கண்ணீரை ஆடிய எம்.ஆர். ராதாவோ அன்றைய செய்திகளை மேடையிலேயே சேர்த்துப் பேசுபவர். ஒப்படைத்த பிரதிக்கும் மேடையில் ஒலித்த பேச்சுக்கும் இடையிலான இடைவெளிக்குப் பதில் சொல்ல வேண்டிய நிலை நாடகத்தை நடத்துவோருக்கு ஏற்பட்டது. 1954ஆம் ஆண்டுச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளை 2013ஆம் ஆண்டில்தான், நாடக இயக்குநர் ஞாநி தொடுத்த வழக்கில், சென்னை உயர் நீதிமன்றம் செல்லாதவை என்று தீர்ப்பளித்தது.

பாய்ஸ் கம்பெனிகள் திரைப்படத்தின் வரவால் கலைந்த பிறகு, ஊர்த் திருவிழாக்களில் எஞ்சி நிற்பது ஸ்பெஷல் நாடகம். நிலையான குழு இல்லாமல், ஏஜெண்டு ஒருவர் வெவ்வேறு ஊர்களிலிருந்து நடிகர்களை அந்த ஓர் இரவுக்காக ஒன்று சேர்க்கும் முறை அது. ஒத்திகை கிடையாது, வள்ளி திருமணத்தின் முருகனும் வள்ளியும் அன்றிரவு ஒப்பனை அறையில்தான் முதன்முதலாகச் சந்திக்கவும் கூடும். அங்கே நாடகத்தை இழுத்துப் பிடிப்பவர் ஆர்மோனியக்காரர். பாடுபவரின் குரலுக்கேற்பச் சுருதி மாற்றுவதும், நீளும் தர்க்கத்தைப் பாட்டெடுத்து முடித்து வைப்பதும் அவரே. அவ்வகையில் மேடை நிர்வாகம் மறுபடியும் அவையோரின் கண்முன் வந்திருக்கிறது. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் நாடகத் துறையில் பணியாற்றிய சே. இராமானுசம், மு. இராமசாமி போன்றோர் நவீன அரங்கின் முறைகளை இம்மரபோடு இணைத்துப் பார்த்தனர். ஒப்பாரியின் வடிவத்தில் கிரேக்க நாடகாசிரியர் யூரிப்பிடிசின் அவலநாடகத்தை இராமானுசம் ‘வெறியாட்டம்’ என்னும் நாடகமாக அமைத்தது அம்முயற்சிகளுள் குறிப்பிடத்தக்கது. ஊர் மேடைகளின் இன்றைய நெருக்கடி வேறு வகையானது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்குக் கட்டுப்பாடு விதிக்கின்றன. வள்ளி திருமணம் வழக்கமாகத் தொடங்குவதே அந்த நேரத்தில்தான் என்பதால், விடியும்வரை ஆடிய கதையை எவ்வளவு சுருக்குவது, எந்தப் பாட்டை விடுவது என்பதை ஊர்ப் பெரியவர்களும் ஏஜெண்டும் ஆர்மோனியக்காரரும் முன்கூட்டியே கலந்து பேசித் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.