கொலையாளி இல்லாத கொலை வழக்கு

விளாத்திகுளத்திற்குத் தென்மேற்கே, கரிசல் வெளியில் இருக்கும் மணியாச்சி சந்திப்பை வாஞ்சியின் பெயரோடு சேர்த்தே நாம் அறிவோம். 1911 ஜூன் 17 முற்பகலில், அங்கு நின்ற ரயிலின் முதல் வகுப்புப் பெட்டியில் மனைவியுடன் அமர்ந்திருந்த திருநெல்வேலி கலெக்டர் ஆஷ் சுடப்பட்டார். சுட்ட வாஞ்சிநாதன் நடைமேடைக் கழிப்பறைக்குள் ஓடித் தம்மையும் சுட்டுக்கொண்டார். பாடநூல்கள் இங்கேயே நின்றுவிடுகின்றன. நாம் பேச விரும்புவது அதன்பின் சென்னை உயர்நீதிமன்றத்தில் நடந்ததைப் பற்றி.

கொன்றவர் யார் என்பதில் ஐயமில்லை. அவரோ கூண்டில் நிற்க இயலாதவர். அவர் சட்டைப்பையில் கிடைத்த கடிதம் 3,000 பேர் சபதம் செய்திருப்பதாகக் கூறியது. அரசு கூண்டில் நிறுத்தியது 14 பேரை. தேடுதலின்போதே தர்மராஜ ஐயரும் வெங்கடேசுவர ஐயரும் உயிரை மாய்த்துக்கொண்டிருந்தனர். முதல் எதிரி நீலகண்ட பிரம்மச்சாரி சம்பவத்தன்று மணியாச்சியிலேயே இல்லை. அவரையும் பிறரையும் அந்தத் துப்பாக்கியோடு பிணைக்க, கடிதங்களும் 'பரங்கி நாசினி அச்சுக்கூடம்' என்று பெயர் பொறித்த துண்டறிக்கைகளும் ரகசியக் கூட்டங்கள் பற்றிய வாக்குமூலங்களுமே இருந்தன.

எல்லாவற்றிலும் கனமானது அப்ரூவர்களின் சொல். தாமும் சபதம் செய்து, பின்னர் மன்னிப்புப் பெற்று, அரசுத் தரப்புக்கு மாறியவர்கள் அவர்கள். 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டம் இவ்விடத்தில் இரட்டை நாக்கோடு பேசியது. உடந்தையாளியின் சாட்சியத்தை மட்டும் கொண்டு தண்டித்தாலும் அது சட்டவிரோதமாகாது என்றது 133-ஆம் பிரிவு. அத்தகையவன் நம்பத்தகாதவன் என நீதிமன்றம் அனுமானிக்கலாம் என்றது 114-ஆம் பிரிவின் எடுத்துக்காட்டு. பல மனிதர்களின் ஆயுள் இவ்விரண்டுக்கும் நடுவே கிடந்தது.

தலைமை நீதிபதி வைட், அய்லிங், சங்கரன் நாயர் மூவரும் விசாரித்தனர். சங்கரன் நாயர் மாறுபட்டுத் தனித் தீர்ப்பு எழுதினார். அதில் பாரதியின் பாடலொன்று ஆங்கில வடிவில் இடம்பெற்றதை இலக்கிய வாசகர்கள் தவறவிடலாகாது. கவிஞர் அப்போது புதுச்சேரியில் தஞ்சம் புகுந்திருந்தார். 1912-இல் நீலகண்டருக்கு 7 ஆண்டும் சங்கரகிருஷ்ணனுக்கு 4 ஆண்டும் விதிக்கப்பட்டன. முத்துக்குமாரசாமிப் பிள்ளையின் மேல்முறையீட்டை ஐந்து நீதிபதிகள் கேட்டனர். அப்ரூவரின் சொல்லுக்கு எத்தகைய துணைச்சான்று வேண்டும் என்பதே அங்கும் வாதம். சட்டநூல்கள் அவ்வழக்கை நெடுங்காலம் எடுத்தாண்டன.

நம்மை உறுத்துவது வேறொன்று. மடத்துக்கடை சிதம்பரம் பிள்ளை எதிரியாக நின்றார். அரசுத் தரப்பில் அப்ரூவராகச் சாட்சி சொன்ன சோமசுந்தரம் பிள்ளையோ வ.உ.சி. பிறந்த ஒட்டப்பிடாரத்துக்காரர்.