கரஸ்ல சினிமா படிக்க முடியுமா?

கோச்சடையில, மேலக்கால் ரோட்டை ஒட்டின ஏதோ ஒரு தெரு. ராத்திரி பத்து மணிக்கு மேல லேப்டாப்பைத் திறந்து வச்சு, ஆன்லைன்ல எம்.ஏ. மாஸ் கம்யூனிகேஷன் படிக்கிற ஒருத்தரை நினைச்சுக்கோங்க. பகல்ல வேலை, ஞாயித்துக்கிழமை அசைன்மென்ட். சினிமாவைப் பத்தி ஒழுங்கா படிக்கணும்னு ஆசை. வீட்ல கேக்குறது ஒரே கேள்விதான்: "இந்த டிகிரி செல்லுமா?"

அந்தக் கேள்விக்கு மதுரையில ஐம்பது வயசுக்கு மேல ஆகுது. இன்னைக்கு எபிசோட் அதோட வரலாறு. இடையில ஒரு சுப்ரீம் கோர்ட் கேஸும் வரும்.

கோச்சடைக்குத் தெற்கே தேனி ரோடு போகுது. அதுல மேற்கே விராட்டிபத்து, அச்சம்பத்து, நாகமலை புதுக்கோட்டை எல்லாம் தாண்டினா பல்கலை நகர், அதாவது மதுரை காமராசர் பல்கலைக்கழகம். 1966இல் மதுரைப் பல்கலைக்கழகம்னு ஆரம்பிச்சாங்க. காமராசர் பேர் 1978இல் சேர்ந்தது. நம்ம கதைக்கு முக்கியமான வருஷம் இந்த ரெண்டும் இல்ல, 1971. அந்த வருஷம்தான் இங்கே அஞ்சல்வழிக் கல்வி தொடங்கினது. இந்தியாவுல இதை முதல்ல செஞ்சு பார்த்தது டெல்லி பல்கலைக்கழகம், 1962இல். தமிழ்நாட்டுல அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979இலும், சென்னைப் பல்கலைக்கழகம் 1981இலும்தான் இதுக்குள்ள வந்தாங்க. மதுரை ரொம்ப முன்னாடியே இறங்கிடுச்சு.

1971இல் இங்கே துணைவேந்தரா வந்தவர் மு.வ. 'தம்பிக்கு', 'தங்கைக்கு', 'அன்னைக்கு', 'நண்பர்க்கு'ன்னு கடித வடிவத்துலயே புத்தகம் புத்தகமா எழுதினவர். கடிதத்துல பாடம் நடத்துற வேலைக்கு இவரை விடப் பொருத்தமான ஆள் கிடைச்சிருக்க மாட்டார்! சும்மா ஒரு தகவலுக்குச் சொல்றேன், அவரோட 'பெற்ற மனம்' நாவல் 1960இல் சிவாஜி நடிச்சு படமாவும் வந்துச்சு.

'கரஸ்' அப்படிங்கிற சொல் நம்ம ஊர்ல அப்படித்தான் புழக்கத்துக்கு வந்தது. அச்சடிச்ச பாடங்கள் தபால்ல வரும், லீவு நாள்ல தொடர்பு வகுப்பு நடக்கும், வருஷக் கடைசியில பரீட்சை. பள்ளிக்கூட வாத்தியார், கிளார்க், கல்யாணம் ஆனதும் படிப்பை நிறுத்தின பெண்கள்னு, காலேஜ் வாசலை மிதிக்க முடியாத ஒரு பெரிய கூட்டம் இதுல பட்டம் வாங்குச்சு. "கரஸ்ல படிச்சவன்தானே" அப்படிங்கிற ஏளனமும் கூடவே வளர்ந்தது. ரெகுலர்ல படிச்சவங்கதான் அதை அதிகம் சொன்னாங்கங்கிறதையும் குறிச்சு வச்சுக்கோங்க.

சரி, வரலாறும் பொருளாதாரமும் தபால்ல வரலாம். சினிமா வருமா?

அந்தக் காலத்துல வரவே முடியாது. ஒரு ஷாட்டைப் பத்திப் பேசணும்னா அந்த ஷாட்டைப் பார்க்கணும். பார்க்க பிலிம் ரோல் வேணும், ப்ரொஜெக்டர் வேணும், இருட்டு அறை வேணும். அதனால சினிமாப் படிப்புன்னாலே ஊரை விட்டுக் கிளம்பணும்னு அர்த்தம். சென்னையில 1945இல் சென்ட்ரல் பாலிடெக்னிக்கோட ஒரு பகுதியா ஆரம்பிச்ச படிப்புதான் பின்னாடி பிலிம் இன்ஸ்டிட்யூட்டா மாறினது. பூனாவுல 1960இல், பிரபாத் ஸ்டுடியோ இருந்த இடத்துல மத்திய அரசோட பிலிம் இன்ஸ்டிட்யூட் வந்தது. 1964இல் அதே ஊர்ல தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம். சதீஷ் பகதூர்னு ஒரு பேராசிரியர் அங்கே ஒரு படத்தை எடுத்து, ஷாட் ஷாட்டா பிரிச்சுக் காட்டிப் பாடம் நடத்துவார். இந்தியாவுல 'பிலிம் அப்ரிசியேஷன்'ங்கிற படிப்பு வேர் பிடிச்சதுல அவருக்குப் பெரிய பங்கு. ஆனா அந்த வகுப்புல உக்கார நீங்க பூனா போகணும்.

மதுரைக்காரங்களுக்கு வேற வகுப்பறை இருந்தது. 1952 தீபாவளிக்கு 'பராசக்தி'யோட திறந்த தங்கம் தியேட்டர், 2,500 பேருக்கு மேல உக்காரலாம். இன்னைக்கு அந்தக் கட்டடம் இல்ல. படம் எடுக்கக் கத்துக்கணும்னா இதே தேனி ரோட்டைப் பிடிச்சு மதுரை வந்து, ரயில் ஏறி, கோடம்பாக்கத்துல ஒரு டைரக்டர்கிட்ட உதவியாளரா சேரணும். அல்லிநகரத்துல இருந்து பாரதிராஜா போன வழி அதுதான். அந்த முறையை நான் குறைச்சுச் சொல்ல மாட்டேன், நல்ல படங்கள் அதுல இருந்து வந்திருக்கு. ஆனா யார் சேர்த்துக்கிட்டாங்களோ அவங்களுக்குத்தான் அது பள்ளிக்கூடம். சம்பளம் இல்லாம பல வருஷம் தாக்குப்பிடிக்க முடியாதவங்களுக்கும், பெண்களுக்கும் அந்தக் கதவு பெரும்பாலும் மூடித்தான் இருந்தது.

அடுத்தது, சினிமாவை எடுக்கிறது இல்ல, ஆராயறது. தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் சினிமாவை ஒரு பாடமாவே மதிக்காத காலத்துல இந்த வேலையைப் பண்ணினது சு. தியடோர் பாஸ்கரன். 'த மெசேஜ் பேரர்ஸ்' அப்படிங்கிற அவரோட ஆங்கிலப் புத்தகம் 1981இல் வந்தது. தென்னிந்தியாவுல நாடகமும் சினிமாவும் விடுதலை அரசியலோட எப்படிக் கலந்ததுன்னு சொல்ற புத்தகம். அடுத்து 1996இல் வந்த 'தி ஐ ஆஃப் தி சர்ப்பன்ட்', சினிமா பற்றிய சிறந்த நூலுக்கான தேசிய விருதை வாங்குச்சு. இதையெல்லாம் எழுதினவர் எந்தப் பல்கலைக்கழகத்துல வேலை பார்த்தார்னு கேட்டீங்கன்னா, தபால் துறையில! தமிழ்நாட்டோட தலைமை அஞ்சல் அதிகாரியா இருந்து ஓய்வு பெற்றவர். ஊரெல்லாம் தபால்ல பாடம் வாங்கிட்டிருந்த காலத்துல, தபால் துறையில இருந்துக்கிட்டே ஒருத்தர் நமக்கு சினிமா வரலாற்றை எழுதிக் கொடுத்திருக்கார்.

மதுரையோட ரசிகர்களையே ஆராய்ச்சிப் பொருளா எடுத்தது சாரா டிக்கி, அமெரிக்க மானுடவியலாளர். 1980களின் நடுவுல இங்கே தங்கி, உழைக்கிற ஜனங்க ஏன் இவ்வளவு சினிமா பார்க்கிறாங்க, ரசிகர் மன்றங்கள்ல என்ன நடக்குதுன்னு அவங்ககிட்டயே உக்காந்து கேட்டாங்க. 1993இல் கேம்பிரிட்ஜ் வெளியிட்ட அந்தப் புத்தகத்தை மதுரைக்காரங்க படிச்சே ஆகணும். 'ரசிகன்னா முட்டாள்'னு நினைக்கிற பழக்கத்தை அது உடைக்குது.

இதுக்கு நடுவுல டிவி வந்தாச்சு. 1984 ஆகஸ்ட் 15, பல்கலைக்கழக மானியக் குழு, அதான் யுஜிசி, தூர்தர்ஷன்ல 'கன்ட்ரிவைட் கிளாஸ்ரூம்' நிகழ்ச்சியை ஆரம்பிச்சுது. இன்சாட் 1பி செயற்கைக்கோள் வழியா நாடு முழுக்க ஒரே வகுப்பு. தபால்ல வர முடியாத அசையும் படம் இப்போ வீட்டுக்கே வந்துடுச்சு. ஆனா முதல்ல வந்ததெல்லாம் ஆங்கிலத்துல. சின்ன ஊர்ல இருக்கிற மாணவருக்குன்னு சொல்லி ஆரம்பிச்சு, அவருக்குப் புரியாத மொழியில பேசினா என்ன பிரயோஜனம்? இந்த மாதிரி நிகழ்ச்சிகளைத் தயாரிக்க யுஜிசி சில பல்கலைக்கழகங்கள்ல மையங்கள் வச்சுது. அதுல ஒண்ணு நம்ம மதுரை காமராசர்ல. இன்னைக்கு இஎம்எம்ஆர்சின்னு சொல்றாங்க. கேமரா, எடிட்டிங், ஒலிப்பதிவுன்னு முழு ஸ்டுடியோ. கோச்சடையில இருந்து கொஞ்ச தூரத்துலயே கல்விக்காகப் படம் எடுக்கிற ஒரு ஸ்டுடியோ இருக்குன்னு எத்தனை பேருக்குத் தெரியும்?

இப்போ அந்த கேஸ். சினிமாவும் தொலைநிலைப் பட்டமும் நேருக்கு நேர் மோதினது இங்கேதான்.

80கள், 90கள்ல 'திறந்தநிலை' முறைன்னு ஒண்ணு பரவலாச்சு. பள்ளிப் படிப்போ முதல் பட்டமோ இல்லாட்டியும் வயசைப் பார்த்து நேரா மேற்படிப்புல சேரலாம். வாழ்க்கை அனுபவமே தகுதிங்கிறது இதோட அடிப்படை. சென்னை பிலிம் இன்ஸ்டிட்யூட் முதல்வர் பதவிக்கு ஒருத்தரை அரசு நியமிச்சது. அவரோட எம்.ஏ., அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோட திறந்தநிலை முறையில வாங்கினது. முதல் பட்டம் இல்ல. இன்னொருத்தர் கோர்ட்டுக்குப் போனார். வழக்கு சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய், 2009இல் தீர்ப்பு வந்தது: தொலைநிலைக் கல்விக்கு யுஜிசி 1985இல் போட்ட விதிகளை மீற முடியாது, முதல் பட்டம் இல்லாத அந்த எம்.ஏ. செல்லாது. அதே வருஷம் தமிழ்நாடு அரசும் ஆணை போட்டுச்சு. பத்தாவது, பன்னிரண்டாவது, அப்புறம் பட்டம்னு வரிசையா படிக்காம திறந்தநிலையில வாங்கின பட்டத்தை அரசு வேலைக்கு ஏத்துக்க முடியாதுன்னு.

சட்டப்படி தீர்ப்பு சரியா இருக்கலாம். எனக்கு உறுத்துறது வேற. சேரும்போது கதவைத் திறந்து வச்சு ஃபீஸ் வாங்கினது பல்கலைக்கழகங்கள், பின்னாடி அடி வாங்கினது படிச்சவங்க. மதுரை காமராசர்லயும் தொலைநிலைக் கல்வி பல வருஷமா பெரிய வருமானமா இருந்தது. எல்லைக்கு வெளியே மையம் நடத்தக் கூடாதுன்னு யுஜிசி கெடுபிடி பண்ணினதும் அது சுருங்குச்சு. பல்கலைக்கழகத்துல சம்பளமே தாமதமாகுதுங்கிற செய்திகளை நீங்களே பார்த்திருப்பீங்க.

அதுக்கப்புறம் காட்சி வேகமா மாறுது. 2017 ஜூலையில 'ஸ்வயம்' தளம். 2018இல் ஆன்லைன் படிப்புக்குன்னே தனி விதிகள், 2020இல் தொலைநிலை, ஆன்லைன் ரெண்டுக்கும் சேர்த்துப் புது விதிகள். பெருந்தொற்று நேரத்துல பூனா இன்ஸ்டிட்யூட்டே குறுகிய காலப் படிப்புகளை ஆன்லைனுக்குக் கொண்டு வந்தது. ஒரு காலத்துல ரயில் ஏறிப் போய்க் கேட்ட வகுப்பு! 2022 செப்டம்பர்ல யுஜிசி தெளிவா அறிவிச்சுது: அங்கீகாரம் உள்ள நிறுவனத்துல வாங்கின தொலைநிலை, ஆன்லைன் பட்டங்கள் நேரடிப் படிப்புல வாங்கினதுக்குச் சமம்.

ஆனா அதே விதிகள்ல, இந்த முறையில நடத்தவே கூடாதுன்னு ஒரு பட்டியல் இருக்கு. மருத்துவம், பொறியியல், நர்சிங் எல்லாம் இருக்கும்னு நீங்களே ஊகிப்பீங்க. காட்சிக்கலையும் அந்தப் பட்டியல்ல இருக்கு. ஆன்லைன்ல இதழியல், மாஸ் கம்யூனிகேஷன் எம்.ஏ. கிடைக்குது, கேமராவைக் கையில கொடுத்துச் சொல்லித் தர்ற பட்டம் கிடைக்கிறது கஷ்டம்னா, காரணம் இங்கே ஓரளவு இருக்கு. எனக்கு அந்தக் கோடு பாதி நியாயமாத் தெரியுது. லைட்டிங்கும் சவுண்ட் மிக்ஸிங்கும் ஒரு அறையில, தப்புப் பண்ணி, பக்கத்துல ஒருத்தர் திருத்தித்தான் வரும். ஆனா சதீஷ் பகதூர் ப்ரொஜெக்டர் வச்சுப் பண்ணின வேலையை, ஒரு ஷாட்டை நிறுத்தி, திருப்பி ஓட்டி, பத்துத் தடவை பார்க்கிறதை, இன்னைக்கு ஃபோன்லயே செய்யலாம். பார்த்ததைப் பத்தி எழுதி, அதை ஒரு ஆசிரியர் ஒழுங்காப் படிச்சுத் திருத்தி அனுப்பறாரா? கேக்க வேண்டியது அதைத்தான். கரஸ் காலத்துலயும் பலவீனமா இருந்தது அந்த இடம்தான். பாடம் வந்து சேர்ந்துடும், பதில்தான் வராது.

அதனால பணம் கட்டுறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம். யுஜிசியோட டிஸ்டன்ஸ் எஜுகேஷன் பீரோ தளத்துல, நீங்க சேர்ற வருஷத்துக்கு அந்தப் பல்கலைக்கழகம் மட்டும் இல்ல, அந்தப் படிப்பே அனுமதிப் பட்டியல்ல இருக்கான்னு பாருங்க. அடுத்து, அங்கே ஏற்கெனவே படிக்கிற ஒருத்தரைத் தேடிப் பிடிச்சு, அவங்க அனுப்பின அசைன்மென்ட் திரும்பி வந்ததான்னு கேளுங்க. வந்திருந்தா, அதுல மார்க்கைத் தவிர வேற ஏதாவது எழுதியிருந்ததான்னும் கேளுங்க.