ஜெபம்: தஞ்சைக் காவிரிப் படுகையில் மனப்பாடமும் சொந்த வார்த்தையும்

ஜெபம் (கத்தோலிக்கர் வழக்கில் செபம்) என்பது கிறித்தவர் கடவுளோடு பேசும் பேச்சு. அது இரு வகைப்படும். முன்னோர் வகுத்துத் தந்த சொற்களை அப்படியே சொல்வது ஒன்று. அந்த நேரத்தில் நெஞ்சில் எழுவதைச் சொந்த வார்த்தையில் சொல்வது மற்றொன்று. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களை உள்ளடக்கிய காவிரிப் படுகையில் இவ்விரண்டும் முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக அடுத்தடுத்த வீடுகளில் வாழ்ந்து வருகின்றன. சில காலம் மோதியதும் உண்டு. ஆனால் தலைமுறை தலைமுறையாகச் சொன்ன மனப்பாடம் சொல்பவரின் சொந்தப் பேச்சாகவே மாறிவிடுகிறது என்பதும், சொந்தப் பேச்சு அந்த மனப்பாடத்திலிருந்தே சொல்லெடுக்கிறது என்பதும் இவ்வட்டாரத்தின் வரலாறு காட்டும் உண்மைகள்.

சொற்கள்

ஜெபம் என்ற சொல் வடமொழி ‘ஜப’ என்பதிலிருந்து வந்தது. மந்திரத்தைத் திரும்பத் திரும்ப மெல்ல ஓதுவதே அதன் பழம்பொருள். இன்று “ஐயா, எங்க வீட்டுக்கு வந்து ஒரு ஜெபம் பண்ணுங்க” என்று அழைக்கும் குடும்பமோ, தன் கஷ்டத்தைப் பெயர் சொல்லி எடுத்துவைக்கும் வார்த்தைகளை எதிர்பார்க்கிறது. பழைய கத்தோலிக்க வழக்கில் இயேசு கற்பித்த செபம் ‘பரமண்டல மந்திரம்’. மரியன்னையை வாழ்த்தும் செபம் ‘பிரியதத்த மந்திரம்’. அதே மக்கள் ‘மன்றாட்டு’ என்றும் சொல்வார்கள். மன்றில் நின்று வழக்காடுவதைக் குறித்த சொல் அது. ஓதுவதும் முறையிடுவதும் தமிழ்க் கிறித்தவரின் சொல்லிலேயே கலந்து கிடக்கின்றன.

வேதத்தில் வேர்

இரு வகை ஜெபத்தையும் ஆதரிப்போர் மத்தேயு நற்செய்தியின் 6ஆம் அதிகாரத்தையே சான்று காட்டுவர். வீண்வார்த்தைகளை அலப்ப வேண்டாம் என்று எச்சரிக்கும் இயேசு, அதே மூச்சில், சொல்ல வேண்டிய ஜெபத்தை வார்த்தை வார்த்தையாகக் கற்பிக்கிறார். இதை மார்ட்டின் லூத்தர் நன்கு உணர்ந்திருந்தார். தம் முடிதிருத்துநரான பேதுருவுக்காக 1535இல் எழுதிய சிறுநூலில், கர்த்தருடைய ஜெபத்தின் ஒவ்வொரு விண்ணப்பத்தையும் எடுத்துக்கொண்டு, அது மூட்டும் எண்ணங்களைச் சொந்த வார்த்தையில் தொடரும்படி அறிவுரை கூறினார். இந்த லூத்தரன் மரபுதான் பின்னர் தரங்கம்பாடியில் வந்து இறங்கியது.

மணியோசையும் மனப்பாடமும்

தமிழில் கிறித்தவ ஜெபம் மனப்பாடமாகவே தொடங்கியது. 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார், அடிப்படைச் செபங்களைத் தமிழறிந்தோர் உதவியுடன் மொழிபெயர்த்துத் தாமும் மனப்பாடம் செய்தார். பின் கையில் மணியடித்துக்கொண்டு தெருவில் நடந்து, கூடி வந்த சிறுவர்களுக்கு அவற்றைச் சொல்லிக்கொடுத்தார். அந்தச் சிறுவர்கள் வீடு திரும்பிப் பெற்றோருக்குக் கற்பித்தார்கள். 1578இல் அண்டிரிக் அடிகளார் கொல்லத்தில் அச்சிட்ட 16 பக்க ‘தம்பிரான் வணக்கம்’, தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூல்களுள் தலையாயது. அதுவும் செபமும் மறைக்கல்வியும் அடங்கியதே. எழுத்தறியாத மீனவருக்கும் உழவருக்கும் கோயில், குரு, புத்தகம் எதுவும் இல்லாத ஊரிலும் கூடவே இருந்த ஒரே சொத்து இந்த மனப்பாடம்தான்.

தரங்கம்பாடி

1706 ஜூலை 9 அன்று டென்மார்க் அரசர் நான்காம் பிரெடெரிக் அனுப்பிய மிஷனரிகளான சீகன்பால்கும் புளுட்சோவும் தரங்கம்பாடிக் கரையில் இறங்கினார்கள். இவர்கள் ஜெர்மனியின் ஹால்லே நகரப் பக்திநெறி இயக்கத்தில் வளர்ந்தவர்கள். உதட்டால் சொல்லும் ஜெபம் போதாது, இருதயம் அதில் சேர வேண்டும் என்பது அவ்வியக்கத்தின் அடிப்படை. ஆயினும் இவர்கள் மனப்பாடத்தைக் கைவிடவில்லை. காலை, மாலை ஜெபங்களையும் கொண்ட லூத்தரின் சிறிய ஞானோபதேசம் தமிழாக்கப்பட்டது. ஞானஸ்நானத்துக்கு ஆயத்தமாவோர் அதைக் கற்றார்கள். 1714–15இல் புதிய ஏற்பாடு தமிழில் அச்சேறியது. ஆலயத்தில் கூட்டமாகச் சொன்னதை வீட்டில் தனியே தியானித்துச் சொந்தமாக்க வேண்டும் என்பது இவர்கள் கண்ட வழி.

தஞ்சை மராட்டிய அரசின் எல்லைக்குள் மிஷனரிகள் விரும்பியபடி நடமாட முடியாத காலம் அது. ஆகவே ஜெபத்தை ஊருக்குள் கொண்டுபோனவர்கள் தமிழரான உபதேசியார்களே. தஞ்சை அரசுப் படையில் சேவகராயிருந்த ராஜநாயக்கன், தரங்கம்பாடியில் அச்சான வேதப்பகுதியைப் படித்து, 1720களில் லூத்தரன் சபையில் சேர்ந்து, பின் உபதேசியாரானார். மற்றோர் உபதேசியாரான ஆரோன் 1733 டிசம்பர் 28 அன்று குருவாக அபிஷேகம் பெற்றார். இந்தியரில் முதல் புராட்டஸ்டண்டு குரு இவரே. களத்துமேட்டிலும் குடிசை வாசலிலும் நின்று ஜெபித்த இத்தகையோரால், ஐரோப்பிய வாக்கியங்கள் மெல்ல மெல்லத் தஞ்சைத் தமிழாயின.

தஞ்சையின் பூசல்

1778இல் தஞ்சாவூரில் நிலைகொண்ட மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்தவர் வேதநாயக சாஸ்திரியார் (1774–1864). இரண்டாம் சரபோஜி மன்னரின் ஆதரவைப் பெற்ற இக்கவிஞர், ‘பெத்லகேம் குறவஞ்சி’ போன்ற நூல்களாலும் கீர்த்தனைகளாலும் வேண்டுதலுக்கு இராகமும் தாளமும் தந்தார்.

1820களில் தஞ்சைக்கு வந்த புதிய தலைமுறை மிஷனரிகள் பழைய பழக்கங்களைத் திருத்த முற்பட்டனர். முந்தைய மிஷனரியான பெப்ரிசியுஸ் செய்த வேத மொழிபெயர்ப்பை மாற்றுவதும், ஆலயத்தில் தமிழ்ப் பாடல்களைத் தடுப்பதும் சாஸ்திரியாரை வெகுவாகப் புண்படுத்தின. அவர் கடுமையாக எதிர்த்து எழுதினார். திருவிருந்தில் சாதி வேறுபாட்டை ஒழிக்க மிஷனரிகள் எடுத்த முயற்சியையும் அதே எழுத்துகளில் எதிர்த்தார் என்பதை மறைக்கலாகாது. நற்செய்திக்கு நேர்மாறான நிலை அது. ஆனால் ஜெபமொழி குறித்த அவரது வேதனையில் ஓர் உண்மை இருக்கிறது. அவருக்கு அந்த மொழி வெளியிலிருந்து வந்த சட்டமாக இருக்கவில்லை. சிறுவயதில் கற்று, கண்ணீரோடு சொல்லி, பாட்டாக்கிப் பாடிய சொற்கள் அவை. அவற்றை மாற்றச் சொன்னபோது தம் நாவையே மாற்றச் சொன்னதாக அவர் உணர்ந்தார்.

மழைக்கான ஜெபம்

19ஆம் நூற்றாண்டில் தஞ்சை மிஷன் ஆங்கிலிக்கன் சங்கங்களின் கைக்கு மாறியபோது, இங்கிலாந்தின் பொது ஜெபப்புத்தகமும் தமிழில் வந்தது. 1662ஆம் ஆண்டு வடிவத்தில் மழை வேண்டும் ஜெபம் ஒன்றும், மழை பெய்தபின் நன்றி கூறும் ஜெபம் ஒன்றும் உண்டு. அவற்றில் எந்த ஊரின் பெயரும் இல்லை. அதனாலேயே எந்த ஊருக்கும் பொருந்துகின்றன. படுகை உழவருக்கோ மழை குடகில் பெய்ய வேண்டும். மேட்டூரில் நீர்மட்டம் உயர வேண்டும். ஜூன் 12இல் அணை திறக்க வேண்டும். திறந்த நீர் கல்லணை தாண்டிக் கடைமடை வாய்க்கால் வரை வந்து சேர வேண்டும். இதை அச்சிட்ட நூல் சொல்லாது. ஊர்க்காரர் ஒருவர் எழுந்து தம் வாயால் சொன்னால்தான் உண்டு.

நாகப்பட்டினத்திலும் மன்னார்குடியிலும் பணிசெய்த வெஸ்லியன் மிஷன், இருவகை ஜெபத்துக்கும் இடமளித்த மரபைச் சேர்ந்தது. ஜான் வெஸ்லி 1784இல் பொது ஜெபப்புத்தகத்தைச் சுருக்கி வெளியிட்டவர்; சொந்த வார்த்தை ஜெபத்தையும் ஊக்குவித்தவர். 1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது ஆங்கிலிக்கரும் மெதடிஸ்டுகளும் பிறரும் ஒன்றானார்கள். எந்தச் சபையும் தன் வழிபாட்டு முறையைக் கைவிடக் கட்டாயப்படுத்தப்படவில்லை. லூத்தரன் மரபு 1919இல் அமைந்த தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையில் தொடர்கிறது.

கத்தோலிக்க மரபு

1960கள் வரை திருப்பலி இலத்தீனில் நடந்தது. மக்கள் தமிழில் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். தவக்காலத்தில், ஜாகோமே கொன்சால்வெஸ் (1676–1742) இலங்கையில் எழுதிய ‘வியாகுலப் பிரசங்கம்’ இராகத்தோடு வாசிக்கப்படும் வழக்கம் தமிழ்க் கத்தோலிக்கரிடையே பரவியது. ஆண்டுதோறும் அதே வரிகள். ஆண்டுதோறும் கேட்போர் கண்ணில் நீர். வகுத்த சொல் உணர்வை உலர்த்திவிடும் என்ற வாதத்துக்கு இதைவிடச் சிறந்த மறுப்பு இல்லை.

1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் வழிபாட்டு ஆவணம் தாய்மொழிக்கு வழிவிட்டதோடு, பழங்கால ‘விசுவாசிகள் மன்றாட்டை’யும் மீட்டுத் தந்தது. கருத்தை ஊரார் எழுதலாம்; பதிலை எல்லோரும் ஒரே வாக்கியமாகச் சொல்வர். பிரியதத்த மந்திரம் ‘அருள் நிறைந்த மரியே’ ஆயிற்று. ஆயினும் மூதாட்டிகள் பலர் பழைய வாசகத்தையே முணுமுணுத்தார்கள். சாஸ்திரியாரின் நாவும் அவர்கள் நாவும் ஒன்றே.

வேளாங்கண்ணியில் ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை நடக்கும் விழாவில் இருவகை ஜெபமும் ஒரே ஆளிடம் இருக்கின்றன. நடைப்பயணமாக வரும் பக்தரின் விரலில் செபமாலை மணி. சட்டைப்பையில் பிள்ளையின் நோய் பற்றி அவரே எழுதிய துண்டுச்சீட்டு.

எழுப்புதலின் குரல்

20ஆம் நூற்றாண்டில் பெந்தெகொஸ்தே சபைகளும், 1970களிலிருந்து கத்தோலிக்க அருங்கொடை இயக்கமும் சொந்த வார்த்தை ஜெபத்தை நடுமேடைக்குக் கொண்டுவந்தன. வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் வாய்விட்டு ஜெபிப்பார்கள். நடவு வேலை முடித்துச் சேற்றுக்காலைக் கழுவிவிட்டு வந்த பெண், குழுக்கடன் தவணையையும் கணவனின் குடியையும் கடவுளிடம் சொல்வார். ஊர்க்கூட்டத்தில் பேச இடம் கிடைக்காதவருக்கு அது பேச்சுரிமை. அதேசமயம் அவர் வாயில் வரும் ‘தந்தருளும்’, ‘ஏறெடுக்கிறோம்’, ‘இரங்கும்’ என்பவை வேதமும் வழிபாட்டு முறைகளும் மூன்று நூற்றாண்டாகப் பழக்கிய சொற்கள்.

மதிப்பு

சொந்த வார்த்தை இல்லாவிட்டால் கடைமடையும் கடனும் ஜெபத்துக்குள் வராமலே போகும். வகுத்த வார்த்தை இல்லாவிட்டால் பேச முடியாத நாளில் ஜெபமே இராது. படுகைச் சிற்றூரின் சாவு வீட்டில் இதைக் காணலாம். துக்கத்தில் இருப்பவர் சுவரில் சாய்ந்து வாயடைத்துக் கிடப்பார். அண்டை வீட்டார் தார்ப்பாயில் அமர்ந்து செபமாலை தொடங்குவார்கள். ஐம்பத்து மூன்று மணிகளும் அவருக்காக, அவர் உதவியின்றியே, நகரும். மூன்றாவது பத்தில் அவர் உதடு அசையும். முப்பதாம் நாள் குடும்ப செபத்தில், இறந்தவரின் பெயரைச் சொல்லி, அவரே தம் வார்த்தையில் தொடங்குவார்.