திரையிற் கண்ட பன்னிரு நரம்புக் கிற்றார்

1964ஆம் ஆண்டு பெப்ரவரியில் பீற்றில்ஸ் குழுவினர் முதன்முறையாக அமெரிக்கா சென்றபோது, ஜோர்ஜ் ஹரிசன் நோயுற்று நியூயோர்க் விடுதியொன்றிற் படுத்திருந்தார். றிக்கன்பாக்கர் நிறுவனத்தின் புதிய மின் கிற்றார் அங்கேதான் அவர் கைக்கு வந்தது. நரம்புகள் பன்னிரண்டு, கீழ்ச்சுர நரம்புகள் நான்கிற்கும் மேல்ஸ்தாயித் துணையுண்டு. ஆதலின் மணியோசை போன்றதொரு நாதம் எழும்.

அவ்வாண்டே வெளிவந்த அவர்களது முதற் திரைப்படத்தைக் கண்டோர் பாடகரின் முகங்களைப் பார்த்து ஆரவாரித்தனர். ஜிம் மக்குயின் என்ற இளைஞரோ வாத்தியத்தின் தலைப்பகுதியையே பார்த்தார். முன்னின்று நோக்குமிடத்து ஆறு பிருடைகளே தெரிந்தன. ஹரிசன் பக்கம் திரும்பியபோது, பின்புறம் நோக்கியிருந்த மற்றை ஆறும் வெளிப்பட்டன! கூர்த்த கண்தான். அவரும் அவ்வகைக் கிற்றாரையே வாங்கினார்.

1965இல் அவரது பேட்ஸ் குழு பொப் டிலனின் பாடலொன்றை வெளியிட்டு, அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் முதலிடம் பெற்றது. அவ்விசைத்தட்டில் குழுவினருள் வாத்தியம் வாசித்தவர் மக்குயின் ஒருவரே; ஏனையவற்றை வாசித்தோர் கூலிக்கு அமர்த்தப்பட்ட கலைஞர். அதே ஆண்டின் இறுதியில் ஹரிசன் தாம் இயற்றிய பாடலொன்றிற்கு, பேட்ஸ் குழுவினரின் கிற்றார் இசையையே முன்மாதிரியாகக் கொண்டார்.