மறவாத காவலர்

1882ஆம் ஆண்டு இத்தாலியின் மெசினா நகரிலே மெச்னிக்கோவ் என்னும் உருசிய அறிஞர் நட்சத்திரமீன் குடம்பியொன்றின் உடலில் முள்ளைச் செருகினார். அலையுங் கலங்கள் விரைந்து அம்முள்ளைச் சூழ்ந்துகொண்டன. கிருமிகளை விழுங்கும் இத்தகைய கலங்களே உடலின் முதற் காவலர் என அவர் எடுத்துக்காட்டினார். ஆயினும், இக்காவலருக்கு ஞாபகசக்தி இல்லையென்றே பின்வந்தோர் கருதினர். பழைய பகையை நினைவுகூரும் ஆற்றல் நிணநீர்க்குழியங்களுக்கே உரியதென்பது பாடநூல்களின் முடிபாயிற்று.

இம்முடிபுக்கு மாறான சான்று முன்னரே தோன்றியிருந்தது. 1921இற் பாரிஸ் நகரிற் குழந்தையொன்றுக்கு முதன்முதலாக அளிக்கப்பட்ட பீ.சீ.ஜீ. மருந்து காசநோயைத் தடுப்பதற்கென ஆக்கப்பட்டது. வட சுவீடனில் அதனைப் பெற்ற சிசுக்களிடையே இறப்புக் குறைந்தமையை 1930களில் நெஸ்லுண்ட் என்னும் மருத்துவர் கண்டார். அக்குறைவு காசநோய்த் தடுப்பினால் மட்டும் விளையத்தக்கதன்று. எனினும், காரணம் புலப்படாமையின் அவர் கூற்று கவனிப்பாரற்றுக் கிடந்தது.

ஏறத்தாழ 80 ஆண்டுகள் கழிந்தன. 2011இல் நெதர்லாந்தில் நெத்தேயா முதலியோர் முதற் காவலரின் நினைவுக்குப் 'பயிற்றப்பட்ட நிர்ப்பீடனம்' எனப் பெயரிட்டனர். பீ.சீ.ஜீ. பெற்றோரின் வெண்குழியங்களிலே, பரம்பரையலகுகள் மாறாதிருக்க, அவற்றைத் தாங்கும் புரதங்களின் இரசாயனக் குறிகள் மாறியிருத்தலை அவர்கள் 2012இற் காட்டினர்.

கொவிட் நோய்க்கெதிராக 2020 முதல் வழங்கப்பட்ட தூது ஆர்.என்.ஏ. தடுப்பூசிகளின் வரலாறு மேலும் வியப்புக்குரியது. முதற் காவலரின் மிகைக் கிளர்ச்சியைத் தணிக்கும் வழியைக் கரிக்கோவும் வைஸ்மனும் 2005இற் கண்டமை அவற்றுக்கு அடிகோலிற்று. அவ்வாறு தணிக்கப்பட்டும், அக்காவலரிடத்தே அத்தகைய குறிகள் மாதக்கணக்கில் நிலைத்தல் 2025இல் வெளிவந்த ஆய்வொன்றிற் காணப்பட்டது.

காரணம் விளங்காமை கண்ட உண்மையைப் புறக்கணித்தற்கு நியாயமாகாது என்பதே இவ்வரலாறு உணர்த்தும் பாடமாகும்.